உமித்தீயில் ஒரு காதல்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக 35 கிலோமீட்டர் அளவில் போனால் மன்னவனூர். படிப்படியாக வெட்டிய சரிவுகளில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட். அவற்றைத் தாண்டினால் ஏரி, புல்வெளி, 1965 முதல் நடந்துவரும் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சிப் பண்ணை. பழனிமலையின் இந்த மேல்பகுதிக்கு ஒருநாளும் வராதவர்கள்கூட இப்படிப்பட்ட புல்வெளியைத் திரையில் பார்த்திருப்பார்கள். ஒரு சரிவிலிருந்து அவன் ஓடிவருவான், எதிர்ச்சரிவிலிருந்து அவள். ஐந்து நிமிடப் பாட்டு முடிவதற்குள் காதல் முற்றிப் பழுத்துவிடும். மலையேறினால் காதல் வேகம் பிடிக்கும் என்பது நம் சினிமாவின் எழுதாத சட்டம். மலையில் குடியிருப்பவர்கள் தீ மூட்டுகிற முறை இதற்கு நேர்மாறானது. சடசடவென்று எரிந்து அடங்கும் சுள்ளியை நம்பி இங்கே ஒரு மார்கழி இரவைக் கழிக்க முடியாது. மெல்லக் கனன்று விடியும்வரை தாங்கும் கட்டை வேண்டும். நெல் விளையும் சமவெளியில் அதே குணத்தை உமித்தீ என்பார்கள். வெளியே பார்த்தால் சாம்பல், கிளறினால் கங்கு. இப்படி மெல்லக் கனலும் காதல் கதைகளுக்கு இன்று உலகமெங்கும் பெரிய வாசகர் கூட்டம் இருக்கிறது. அந்த வகையில் திரும்பத் திரும்ப எழுதப்படும் ஜோடிகளில் ஒன்று, ஒரு பத்திரிகையாளரும் ஒரு சினிமா நட்சத்திரமும்.

இந்த ஜோடியை எழுத்தாளர்கள் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் அதன் பளபளப்புதான் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தப் பளபளப்பு இரண்டு அத்தியாயத்துக்குத்தான் தாங்கும். உண்மையான காரணம் அவர்களுடைய தொழிலில் இருக்கிறது. ஒருவருக்குப் பார்ப்பது தொழில், மற்றவருக்குப் பார்க்கப்படுவது தொழில். நிருபர் பார்ப்பதெல்லாம் நாளைக்கு அச்சில் வரக்கூடும். நட்சத்திரம் சிரிப்பதெல்லாம் நடிப்பாக இருக்கக்கூடும். ஆகவே இருவரில் யாரும் மற்றவரின் முதல் வார்த்தையை நம்ப முடியாது. ஒருத்தி மனம் விட்டுப் பேசும்போது அவளிடம் பேசுவது மனிதனா, பேனாவா என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்; அது ஒரு சந்திப்பில் தெரிகிற விஷயமில்லை. மற்றக் காதல் கதைகளில் தாமதம் என்பது ஆசிரியர் வாசகருக்கு வைக்கும் ஆசைகாட்டல். இந்தக் கதையில் தாமதம் இல்லாவிட்டால் காதலே இல்லை. அவசரப்பட்டால் அங்கே மிஞ்சுவது ஒரு ரசிகனும் ஒரு படமும்தான்.

தமிழகத்தில் இந்த அவநம்பிக்கைக்கு ரத்தம் தோய்ந்த ஒரு வரலாறே உண்டு. 1944 தீபாவளிக்கு எம்.கே. தியாகராஜ பாகவதரின் ஹரிதாஸ் வெளியாகி ஊரே கொண்டாடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம், நவம்பர் 8 அன்று, சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாசிரியர் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். முதலில் 'சினிமா தூது', பிறகு 'இந்துநேசன்' என்று நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை விலைபேசி நடந்த பத்திரிகைகள் அவருடையவை. பாகவதரும் நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும் அந்தக் கொலை வழக்கில் கைதாகி, 1945இல் ஆயுள் தண்டனை பெற்று, லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போய், 1947இல்தான் விடுதலையானார்கள். பாகவதரின் திரைவாழ்வு அதன்பின் எழுந்து நிற்கவே இல்லை. 'பேசும் படம்', 'குண்டூசி', பிற்பாடு 1966இல் தொடங்கிய 'பொம்மை' போன்ற இதழ்கள் சினிமாவைப் பற்றிக் கௌரவமாக எழுதின என்பதும் உண்மைதான். ஆனாலும் 'கிசுகிசு' என்ற சொல்லே நம் மொழியில் சினிமாப் பக்கத்துக்கென்று ஒதுக்கப்பட்டதுபோல் ஆகிவிட்டது. பேட்டிக்கு உட்காரும் எந்த நடிகையும் அந்தச் சொல்லை மடியில் கட்டிக்கொண்டுதான் உட்காருகிறாள். மன்னரை அண்டி வாழ்பவர் குளிர்காய்பவரைப்போல் நெருங்கவும் கூடாது, விலகவும் கூடாது என்று வள்ளுவர் அமைச்சர்களுக்குச் சொன்னதை, சினிமா நிருபர்கள் தொழில் விதியாகவே வைத்திருக்கிறார்கள். காதலோ அந்த இடைவெளியைத் தாண்டச் சொல்கிறது.

அந்த இடைவெளியை எப்படித் தாண்டுவது என்பதற்கு உலக சினிமா கண்டுபிடித்த விடை ஒன்று உண்டு: எழுதாமல் விடுவது. 1953இல் வந்த ரோமன் ஹாலிடே படத்தில் இளவரசியோடு ஒருநாள் முழுக்கச் சுற்றிய நிருபர், கையில் இருந்த பெரும் செய்தியைப் பிரசுரிக்காமல் விட்டுவிடுகிறார். சத்யஜித் ராய் 1966இல் எடுத்த நாயக் இதைவிட நுட்பமானது. விருது வாங்க டெல்லிக்கு ரயிலில் போகும் வங்காள நட்சத்திரம் அரிந்தமாக உத்தம் குமார். அதே ரயிலில் பெண்கள் பத்திரிகை ஒன்றை நடத்தும் அதிதியாக ஷர்மிளா தாகூர். உணவுப் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து பேச்சு தொடங்குகிறது. அவள் மேசைக்குக் கீழே குறிப்பெடுக்கிறாள். அவன் பேசப் பேச, நட்சத்திரத்தின் அடியிலிருந்து பயந்த, தனிமையான ஒரு மனிதன் வெளியே வருகிறான். டெல்லி நெருங்கும்போது அவள் அந்தக் குறிப்புகளைக் கிழித்துப் போட்டுவிடுகிறாள். இருவரும் காதலைச் சொல்லிக்கொள்ளாத படம்; ஆனால் தாளைக் கிழிக்கும் அந்த இரண்டு கைகளைவிடப் பெரிய காதல் அறிவிப்பைக் காட்டுவது கடினம். ரயில் நின்றதும் ரசிகர் கூட்டம் அவனை வாரிக்கொண்டு போகிறது. அவள் தன் வழியே நடக்கிறாள்.

கிழித்த தாள் அழகுதான். அதற்குப் பிறகு என்ன என்று கேட்டவர் நம் ஜெயகாந்தன். 1971இல் வெளிவந்த அவருடைய 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' தமிழில் இந்தக் கருவுக்கு மிக அருகில் நிற்கும் நாவல். கல்யாணி சினிமா நடிகை அல்ல, மேடை நடிகை. அண்ணாசாமியின் நாடகக் குழுவில் நடிப்பவள். ரங்கா பத்திரிகைக்காரன். மனைவியை இழந்தவன், ஒரு குழந்தைக்குத் தகப்பன். கல்யாணியின் நாடகத்தைக் கறாராக விமர்சிப்பதிலிருந்து அவர்கள் பழக்கம் தொடங்குகிறது. இங்கேயே ஜெயகாந்தன் பிரிந்து நடக்கிறார். ரோமிலும் ரயிலிலும் காதலுக்காகப் பேனா மூடப்படுகிறது. சென்னையில் பேனா திறந்திருப்பதால்தான் காதல் வருகிறது. தன்னைப் புகழ்ந்து எழுதுபவர்களுக்கு நடுவே, குறையைச் சொன்ன ஒருவனைத் தேடிப் பேச நினைக்கும் நடிகைக்குத் தன்மதிப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். தன்னை ஒருவன் ரசிப்பது அவளுக்குப் போதவில்லை. பார்க்க வேண்டும் என்கிறாள்.

மெல்லக் கனலும் வழக்கமான காதல் கதை, இருவரும் மனதைத் திறந்து சொல்வதுவரை நம்மை இழுத்துவந்து, சொன்ன மறுபக்கத்தில் முடிந்துபோகும். ஜெயகாந்தனின் நாவலில் கல்யாணியும் ரங்காவும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். உமித்தீ அதற்குப் பிறகுதான் கனலத் தொடங்குகிறது. ரங்காவுக்கு மனைவி என்றால், காதல் என்றால் ஒரு சித்திரம் இருக்கிறது. அவள் தன்மேல் பொறாமைப்பட வேண்டும், தன்னை மட்டுமே பற்றிக்கொண்டிருக்க வேண்டும், தனக்காகத் தன்னை இழக்க வேண்டும். கல்யாணியோ அவனை நேசிக்கிறாள், தன்னையும் நேசிக்கிறாள், தன் தொழிலையும் நேசிக்கிறாள். அவன் கோபத்துக்கு அவள் கோபப்படுவதில்லை. அவன் விலகிப்போக விரும்பினால் அதையும் மறுப்பதில்லை. இந்த நிதானத்தையே அவன் அன்பில்லாமை என்று படித்துவிடுகிறான். நாடகத்தில் அவள் எங்கே தவறினாள் என்று வரிவரியாகச் சொல்லத் தெரிந்த விமர்சகனுக்கு, வீட்டில் நடிக்காமல் இருக்கும் அவளைப் படிக்கத் தெரியவில்லை. இந்த இடத்தில் நாவலின் தலைப்பு திரும்பி நின்று வேலை செய்கிறது. மேடையில் நடிப்பவளை அரங்கிலிருந்து பார்த்தவன் அவன். கணவன் என்கிற வேடத்தில் அவன் ஆடுவதைப் பொறுமையோடு பார்த்துக்கொண்டிருப்பவள் அவள்.

அவர்கள் பிரிய நினைத்து வழக்கறிஞரிடம் போகும் பகுதியை இன்றைய வாசகர்கள் கவனித்துப் படிக்க வேண்டும். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டப்படி அப்போது மணமுறிவு கேட்பவர் சட்டம் ஒப்பிய ஒரு காரணத்தை மற்றவர்மேல் நிறுவியாக வேண்டும்: பிறர்மனை நாட்டம் போல ஏதோ ஒன்று. எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை, இருவரும் மனமொத்தே பிரிகிறோம் என்று சொல்ல அந்தச் சட்டத்தில் வழியில்லை. பரஸ்பர சம்மதத்தில் மணமுறிவு என்ற பிரிவு 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. நாவல் வந்து ஐந்து வருடம் கழித்து. ஒருவரை ஒருவர் வெறுக்காத இரண்டு பேர் பிரிவதற்கு, வெறுப்பதாக நீதிமன்றத்தில் நடிக்க வேண்டியிருந்த காலம் அது. நடிப்பைத் தொழிலாகக் கொண்டவளுக்கு அந்த நடிப்பு மட்டும் வராது என்பது இந்த நாவலில் எனக்கு மிகவும் பிடித்த முரண்.

ஜெயகாந்தனின் துணிச்சல் எவ்வளவு என்று தெரிய, அதே ஆண்டு திரைக்கு வந்த சுமதி என் சுந்தரியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சி.வி. ராஜேந்திரன் இயக்கம், சிவாஜி கணேசனும் ஜெயலலிதாவும். புகழில் களைத்துப்போன நடிகை ரயிலிலிருந்து இறங்கி, தான் யாரென்று தெரியாத ஓர் எஸ்டேட்காரனிடம் அடைக்கலமாகிறாள். இனிமையான படம், பாட்டுகள் இன்றும் ரேடியோவில் ஒலிக்கின்றன. ஆனால் அந்தக் காதல் பிறக்க அவள் நடிகை என்பது மறைந்திருக்க வேண்டும். கல்யாணி எதையும் மறைப்பதில்லை. நடிகை என்று தெரிந்து, அந்த நடிப்பைக் குறைசொன்னவனையே அவள் ஏற்றுக்கொள்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகும் மேடை ஏறுகிறாள்.

நிஜ வாழ்க்கையில் இப்படி ஒரு பத்திரிகைக்காரரும் நட்சத்திரமும் இணைந்த மிகப் பெரிய தமிழ்க் கதை எம்.எஸ். சுப்புலட்சுமி, தி. சதாசிவம் இருவருடையது. 1936இல் அவர்கள் அறிமுகமானபோது சதாசிவம் ஆனந்த விகடனில் விளம்பரப் பொறுப்பில் இருந்தவர். எம்.எஸ். 1938இல் சேவாசதனம் படத்தில் நடித்தார்; 1940 ஜூலையில் திருநீர்மலையில் அவர்கள் திருமணம். சதாசிவமும் முதல் மனைவியை இழந்தவர், பெண் குழந்தைகளின் தகப்பன். 1941இல் சாவித்திரி படத்தில் நாரதராக நடித்து எம்.எஸ். ஈட்டிய பணம் 'கல்கி' பத்திரிகை பிறக்க முதலாயிற்று. ஒரு நட்சத்திரத்தின் சம்பளத்தில் ஒரு வார இதழ் எழுந்து நின்ற நிகழ்ச்சி வேறு எந்த மொழியிலாவது உண்டா, தேடித்தான் பார்க்க வேண்டும். பிறகு எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய மீரா, 1945இல் தமிழிலும் அதைத் தொடர்ந்து இந்தியிலும். அத்தோடு நடிப்பை விட்டு முழுக்க சங்கீதத்துக்குப் போய்விட்டார். அந்த இல்லறத்தின் உள்ளே எட்டிப்பார்ப்பது நம் வேலையில்லை. ஆனால் வெளியே தெரிந்த ஒன்றைச் சொல்லலாம்: எந்தக் கச்சேரி, எந்த வரிசையில் எந்தப் பாட்டு என்பதுவரை சதாசிவத்தின் கை இருந்தது. பார்க்கத் தெரிந்தவர் ஒருவர், பார்க்கப்படுபவரை உலகம் எப்படிப் பார்க்க வேண்டும் என்று வடிவமைத்துக் கொடுத்தார். அதனால் நமக்குக் கிடைத்தது ஒப்பற்ற இசை. ஜெயகாந்தனின் கல்யாணி கேட்பது வேறு ஒன்றை. என்னை வடிவமைக்காதே, தெரிந்துகொள் என்கிறாள் அவள்.

இந்த நாவலைக் காதல் கதை என்று சொல்வதையே ஒப்பாதவர்கள் உண்டு. பேச்சு, பேச்சு, மேலும் பேச்சு. காதல் எங்கே, இது மேடை விவாதம் என்பது அவர்களுடைய குறை. ஜெயகாந்தனின் பாத்திரங்கள் நிறையப் பேசுவார்கள் என்பதை மறுக்க முடியாது. சில இடங்களில் ஆசிரியரே தோளைத் தட்டி முன்னால் வந்து நிற்பார். என்றாலும் இந்த ஜோடிக்குப் பேச்சுதான் தொடுகை. அவனுக்குத் தெரிந்த ஒரே கருவி சொல். அவளோ வாழ்நாள் முழுக்க இன்னொருவர் எழுதிக்கொடுத்த சொல்லைப் பேசியவள். வீட்டில் தன் சொந்தச் சொல்லைத் தேடி எடுத்து அவள் பேசும்போது, அவள் வாழ்க்கையின் மிக அந்தரங்கமான செயலை நாம் பார்க்கிறோம். இயக்குநர் பீம்சிங் இதை 1978இல் திரைப்படமாக்கியபோது பேச்சைக் குறைக்காததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஏற்கெனவே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படத்தில் இணைந்த லட்சுமியும் ஸ்ரீகாந்தும்தான் கல்யாணியும் ரங்காவும். ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்து, அது எதிராளிக்குள் இறங்குகிறதா என்று காத்திருக்கும் கண்கள் லட்சுமிக்கு.

இன்னொரு குறை கனமானது. கடைசியில் கல்யாணி கால் செயலிழந்து முடங்குகிறாள். அது தெரிந்து ரங்கா திரும்பி வருகிறான். தனித்து நின்ற பெண்ணைப் படுக்கையில் போட்டுத்தான் ஆணைத் திரும்ப அழைக்க வேண்டுமா, இது அனுதாபத்தில் முடிந்த கதையல்லவா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தமிழ்க் கதைகள் எத்தனையோ பெண்களின் துணிச்சலுக்கு நோயை அபராதமாக விதித்திருக்கின்றன. இந்த முடிவில் அந்த வாடை சுத்தமாக இல்லை என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் யாருக்கு என்ன மாறுகிறது என்று பாருங்கள். கல்யாணியின் மனம் மாறுவதில்லை. முன்பு இருந்த அதே நிதானம்தான் நோயிலும். மாறுகிறவன் ரங்கா. அதுவரை அவன் அவளிடமிருந்து அன்பின் அத்தாட்சியை எதிர்பார்த்துக் காத்திருந்தவன். இப்போது தூக்கி உட்கார வைக்க, துணையாக இருக்க அவனே வேண்டியிருக்கிறது. பார்வையாளனாக இருந்தவனுக்கு முதல்முறையாக ஒரு வேலை கிடைக்கிறது.

வாசகர் தரப்பிலிருந்தும் ஒரு கேள்வி வரும். நாள் முழுக்க உழைத்துவிட்டு, வாடகை நூலகத்திலிருந்து ஒரு ரமணிசந்திரன் நாவலை எடுத்து இரண்டு மணி நேரம் நிம்மதியாக இருக்க நினைக்கும் பெண்ணிடம் இத்தனை கனத்தை ஏற்ற வேண்டுமா? ஏற்ற வேண்டியதில்லை. அந்த நிம்மதிக்கு முழு உரிமை அவளுக்கு உண்டு. அந்த நாவல்களும் நிதானத்தின் ருசி தெரிந்தவைதான், கடைசிப் பத்துப் பக்கம்வரை மனதைத் திறக்காதவை. என் வாதம் எழுதுகிறவர்களோடு. தாமதத்தை எதைக் கொண்டு நிரப்புகிறோம் என்பதில்தான் வேறுபாடு. வில்லியும் தவறாகப் புரிந்துகொண்ட ஒரு கடிதமும் கொண்டு நிரப்பினால், தடை நீங்கியதும் கதை காலியாகிவிடும். ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ள ஆகும் காலத்தைக் கொண்டு நிரப்பினால், கல்யாணத்துக்குப் பிறகும் எழுத நூறு பக்கம் மிச்சமிருக்கும். கொடைக்கானல் மலையிலேயே இதற்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1991இல் வந்த குணா, ஒரு பெண்ணின் மனம் மெல்ல மெல்ல ஒருவன் பக்கம் திரும்புவதை இந்தக் காடுகளில்தான் படமாக்கியது. படமெடுத்த குகைக்கே இன்று படத்தின் பெயர்தான். கமல்ஹாசனின் நடிப்பில் நெஞ்சு உருகினாலும், அவள் கடத்திவரப்பட்டவள் என்பதை மறக்க முடியவில்லை. வெளியே போக வழியிருந்தும் அவள் இருக்கிறாளா என்பது தெரியாதவரை, மெல்லக் கனிவது காதலா கட்டாயமா என்பதும் தெரியாது. கல்யாணியும் ரங்காவும் கதவு திறந்திருக்கும்போதே பிரிந்தார்கள், திறந்த கதவு வழியாகவே அவன் திரும்பினான்.

இன்று இந்தக் கருவை எடுத்து எழுதப்போகும் ஒருவர் சென்னையை விட்டு மேலே ஏறி வரலாம். சென்னையில் பேட்டி என்பது இப்போது வரிசை. படம் வெளியாகும் வாரத்தில் நட்சத்திர ஓட்டலின் ஓர் அறையில் நடிகை உட்கார்ந்திருப்பார். சேனலுக்கு ஒரு சில நிமிடம். ஒரே கேள்விக்கு ஒரே சிரிப்பு. மேனேஜர் கையில் கடிகாரம். இவர் கேட்பதும் பார்ப்பது அல்ல, அவர் சொல்வதும் பேசுவது அல்ல. மன்னவனூரில் கதை வேறு மாதிரி தொடங்க முடியும். மூன்று நாள் பாட்டு ஷூட்டிங்குக்கு யூனிட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கொடைக்கானலிலிருந்து செய்தி அனுப்பும் பகுதிநேர நிருபர் ஒருவர். அவர் வழக்கமாக எழுதுவது பூண்டு விலை, மழையில் சரிந்த சாலை, தோட்டத்தில் இறங்கிய காட்டுமாடு. மூடுபனி இறங்கி வெளிச்சம் போய்விட்டதால் ஷூட்டிங் நின்றுவிட்டது. கணப்பைச் சுற்றிப் பலர் நிற்கிறார்கள், அவளும் நிற்கிறாள். அவர் அவளிடம் படத்தைப் பற்றிக் கேட்கவில்லை, குளிருக்குக் காலில் சரியான செருப்பு இல்லையே என்கிறார். மறுவாரம் அச்சில் வரும் அவருடைய செய்தியில் அவள் பெயர் ஒரே ஒரு இடத்தில் வருகிறது. மீதி முழுக்க, யூனிட் வண்டிகள் ஏறி மிதித்த புல்வெளியைப் பற்றியும், அதை மேய வேண்டிய ஆடுகளைப் பற்றியும். சென்னையில் யாரோ அதை வெட்டி அவளுக்கு அனுப்புகிறார்கள். அவள் இரண்டு முறை படிக்கிறாள், கோபம் வருகிறது, பிறகு அந்த நிருபரின் தொலைபேசி எண்ணை விசாரிக்கச் சொல்கிறாள்.